பவளத்துக்குப் பூச்சி மருந்து

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். புதுசா வாங்கின நாலு பவளத் துண்டிலயும் பூச்சி இருக்கா எண்டு பாத்து, கழுவி, மீன் தொட்டிக்குள்ள வைக்கிறது.

பத்து நிமிஷ வேலை!

கொட்டாஞ்சேனையில வீட்டிலயே பவளம் வளர்த்து விக்கிற ஒருத்தரிட்ட வாங்கினனான். "சும்மா கொண்டுபோய்ப் போட்டிடாதையும் தம்பி. ஒரு பூச்சி உள்ள போனாலும் முழுத் தொட்டியும் நாசம்" எண்டு சொல்லித்தான் தந்தவர்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஐஞ்சாம் மாடியில இருந்தது. பவளராணி அன்ரி. வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட் கமிட்டிச் செயலாளர். என்ர தொட்டிப் பாரத்தில கட்டடம் இறங்கிடும் எண்டு ஆரோ முறைப்பாடு குடுத்திருக்கினம்.

அண்டைக்குக் காலமை அன்ரி ஃபிளாட் வட்சப் குரூப்பில போட்டிருந்தா: "இன்று ஐந்து மணிக்கு மூன்றாம் மாடித் தொட்டியைப் பார்வையிடுவேன். சரியில்லை என்றால் அகற்ற வேண்டும். - பவளம்."

வட்சப்பில கடிதம் மாதிரிக் கடைசியில பேர் போடுற ஒரே ஆள் அவதான்.

நாலரைக்குத் துண்டுகளை வாளியில வச்சு, டோர்ச் அடிச்சுப் பாத்தன். ஐயோ! ஒண்டின்ர அடியில சின்னச் சின்ன வெள்ளைப் புழு நெளியுது.

கண்டுபிடிச்சிட்டனே எண்டு ஒரே புளுகம், துள்ளாத குறை. உடன மீன் தொட்டி வச்சிருக்கிற ஆக்களின்ர வட்சப் குரூப்புக்கு எழுதினன். அந்த அட்மின் தமிழில சரியான கண்டிப்பு, "கோரல்" எண்டு எழுதினால் பேச்சு விழும். அதால "பவளம்" எண்டே எழுதினன்:

"பவளத்தை இப்பதான் வடிவாப் பாத்தன். மேல பாக்கத்தான் பளபளப்பு. அடிப்பக்கம் முழுக்கப் பூச்சி! மருந்துத் தண்ணியில முக்கி, பிரஷால தேச்சுப்போட்டுத்தான் உள்ள விடுவன்."

அனுப்பிப்போட்டுத்தான் குரூப் பேரைப் பாத்தன்.

ஃபிளாட் குரூப்.

பதறிப்போய் அழிச்சன். அவசரத்தில "எனக்கு மட்டும் அழி" எண்டதை அமத்திப்போட்டன். இப்ப என்ர போனில மெசேஜ் இல்லை. மற்ற இருபத்தேழு பேரிட்டயும் இருக்கு!

முதல் பதில் கீழ்மாடி ஃபரீத் நாநா: "என்ட மச்சான் களுபோவில ஆஸ்பத்திரியில டொக்டரா ஈக்கார். அன்ரிக்கு நம்பர் தரட்டா?"

அடுத்தது ரெண்டாம் மாடி ரீச்சர்: "பாவம் அவ. தயவுசெய்து பிரஷ் போடாதேங்கோ."

என்ர மனிசி சுகி போனும் கையுமாக் குசினியில இருந்து ஓடி வந்தா. "என்னப்பா எழுதி வச்சிருக்கிறியள்? எந்தப் பவளத்தை எங்க முக்கப் போறியள்?"

வாளியைக் காட்டினன். நிலத்தில குந்தியிருந்து சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஒரு வருஷமாப் பாத்துப் பாத்து வச்ச தொட்டி, என்ர விரலாலயே போகப் போகுது.

சரியா அஞ்சுக்கு பெல் அடிச்சது. அன்ரி கொப்பியும் பேனையுமா வாசலில நிண்டா.

"தம்பி, நான் நேர உள்ள வரலாமோ? இல்லாட்டி முக்கித்தான் விடுவீரோ?"

"அன்ரி... அது வேற பவளம் அன்ரி..."

வாளியைக் கொண்டுவந்து முன்னால வச்சு, டோர்ச்சைக் கையில குடுத்தன். அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிஞ்சா.

"ஓம், இதில புழு கிடக்குது. மற்றதுகள்?"

"மற்றது மூண்டும் சுத்தம் அன்ரி."

"என்ன சுத்தம்? இஞ்ச பாரும், ஓட்டைக்குள்ள ஒண்டு சுருண்டு கிடக்குது. கண்ணை எங்க வச்சிருக்கிறீர்?"

உண்மையாவே கிடந்தது! நான் சுத்தம் எண்டு ஒதுக்கி வச்ச துண்டு.

அதுக்குப் பிறகு அன்ரி கதிரை போட்டு இருந்திட்டா. அரை மணித்தியாலம் டோர்ச் அவ, பிரஷ் நான். "அங்க இல்லை, இஞ்ச" எண்டு ஏச்சு வேற. தொட்டியையும் நிலத்தையும் பாத்து முடிக்க அவவுக்கு ரெண்டே நிமிஷம்தான்.

"தொட்டி இருக்கட்டும். ஆனா இனி என்ன வாங்கினாலும் என்னட்டக் காட்டிப்போட்டுத்தான் உள்ள போடோணும்."

அவ லிஃப்டுக்குப் போக முதலே ஃபிளாட் குரூப்பில மெசேஜ் வந்தது.

"மூன்றாம் மாடித் தொட்டி இருக்கலாம். பவளத்தை நானே பரிசோதித்தேன். இப்போது பூச்சி இல்லை. - பவளம்."

உடன ஃபரீத் நாநா பதில் போட்டார்: "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப டொக்டர்ட நம்பர் வேணாமா?"