தறிக்குழியில் ஒரு மாப்பிள்ளை

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை ஏழு வருடங்களுக்கு முன்பு ஆரணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல சட்டை மிச்சமாகியிருக்கும். சொல்லவில்லை. கார் கம்பெனியில் வேலை பார்ப்பவன் அப்படிச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன். (கம்பெனியில் என் வேலை உதிரி பாகங்களுக்கு பில் போடுவது. எந்தப் பாகத்தின் நம்பரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அது வண்டியில் எங்கே இருக்கும் என்று கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.)

என் மாமனார் ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரி. வீட்டை ஒட்டிய ஷெட்டில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. நான் களம்பூர்க்காரன், அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். நானும் அவருடைய மகள் வாணியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். இதற்கு மேல் விளக்கினால் கட்டுரை நகைச்சுவையாக இருக்காது. சுருக்கமாக, கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகியும் மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். உபசரிப்பில் ஒரு குறையும் கிடையாது. எல்லாம் வாணி வழியாக நடக்கும், அவ்வளவுதான். நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "அவருக்கு இன்னும் ரெண்டு இட்லி வைம்மா" என்பார். "போதும்னு சொல்லு" என்பேன் நானும். "போதுமாம்பா" என்பாள் வாணி. அவள் பாத்ரூம் போயிருக்கும் நேரத்தில் எனக்குச் சட்னி தேவைப்பட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் உள்ளே வலித்தது. அந்த மனிதர் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து "மாப்ளே" என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்கினேன்.

அந்த வாய்ப்பை ஒரு கார் கொண்டுவந்தது. மாமனாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால், ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கியிருந்தார். கிளட்ச் கிடையாது, பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மட்டும்தான்; இரண்டையும் வலது காலே பார்த்துக்கொள்ளும். அவரைத் தவிர வேறு யாரும் அதை ஓட்டக்கூடாது. அந்தக் கார் ஓடும்போதெல்லாம் குதித்தது. சேத்துப்பட்டுக்கு ஒரு வளைகாப்புக்குப் போய் வந்த மாமியார், தூக்கில் எடுத்துப்போன பாயசத்தில் பாதி தன் மடியிலேயே இறங்கிவிட்டதாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு நடுவில் மாமனார் சொன்னார்: "வாணி, கியர் பாக்ஸ்ல ஆயில் கொறஞ்சிருக்கும்னு சொல்றாங்க. இங்க யாருக்கும் அத்த பாக்கத் தெர்ல. அவரு கார் கம்பெனிதானே, பாப்பாரான்னு கேளு."

வாணி திரும்புவதற்குள் நான், "பாத்துடலாம்னு சொல்லு!" என்றேன்.

எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று கை கழுவும்போதுதான் யோசித்தேன். என்ஜின் ஆயிலைப் பார்க்க டிப்ஸ்டிக் என்று ஒரு நீளக் கம்பி உண்டு. உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் எதுவரை ஆயில் இருக்கிறது என்று தெரியும். கியர் பாக்ஸுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. பழைய ஓனர் தொலைத்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவனை நன்றாகத் திட்டினேன். பிறகு போனில் பார்த்தால் அந்த வண்டிக்கு அப்படி ஒரு கம்பியை வைக்கவே இல்லையாம். ஆயில் இருக்கிறதா என்று பார்க்கக்கூடிய ஒரே வழியை எடுத்துவிட்டு, பார்க்க வேண்டிய அவசியம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் பார்த்தே தீருவேன் என்பவர்கள் வண்டிக்கு அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்ற வேண்டும்.

அதுவும் வண்டி ஓடும்போது கழற்ற வேண்டும். (ஓடுகிற வண்டிக்கு அடியில் நான் எப்படிப் போவேன் என்று வெகுநேரம் குழம்பினேன். என்ஜின் ஓடினால் போதும், சக்கரம் ஓட வேண்டாம் என்பது பத்து நிமிடம் கழித்து விளங்கியது.) ஆயில் நாற்பது டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்றது ஒரு வீடியோ. இன்னொன்று கை பொறுக்கும் சூடு என்றது. மூன்றாவது வீடியோவில் ஒருவர் இந்தியில் எதையோ கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார். எனக்கு இந்தி தெரியாது. ஆயில் ஊற்றுகிற மேல்வாயைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் கீழே கைவைக்காதீர்கள் என்றுதான் அவர் கெஞ்சினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எல்லா வீடியோவும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான்: வண்டி கொஞ்சமும் சாயாமல் சமமாக நிற்க வேண்டும், அடியில் ஆள் இருக்க இடம் வேண்டும். வாணி இதை அப்பாவிடம் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

"கார் ஷெட்டுல தறிக்குழி கீதே, அதுல எறங்கச் சொல்லு. தறி போட்ட தரை. ரசமட்டம் வச்சுப் பாத்தது."

விசைத்தறி வருவதற்கு முன் அவர் கைத்தறி ஓட்டிய இடம்தான் இப்போது கார் ஷெட். தறியில் உட்காருபவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள். பலகையை எடுத்தோம். இடுப்பளவு ஆழம். நான் இறங்கி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமனார் காரை எடுத்தார். அது குதித்துக் குதித்து வந்து என் தலைக்கு மேல் நின்றது. காருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி என்பதையும், என் வயிறு அதைவிடப் பெரிது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

"பார்க் கியர்ல போடச் சொல்லு!" என்றேன் குழிக்குள்ளிருந்து.

"பார்க்ல போடணுமாம்பா."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"போட்டாச்சாம்ங்க!"

அடுத்து, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒரு தடவை போட்டு எடுக்க வேண்டும் என்று வீடியோ சொன்னது. அதையும் சொல்லி அனுப்பினேன். ரிவர்ஸ் விழுந்தபோது வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. தலைக்கு மேல் ஒரு டன் இரும்பு இருக்க, அதற்கான உத்தரவுகளை ஒன்பது மாதமாக என்னோடு பேசாத மனிதருக்கு மனைவி மூலம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"சூடு பாக்கணும். வீட்ல தர்மாமீட்டர் இருந்தா எடுத்துனு வா."

"ஜுரத்துக்கு வைக்கிறதா?"

"அதான். நாப்பது டிகிரின்னா அதுல நூத்தி நாலு காட்டும்."

வாணி போய்விட்டாள். காத்திருந்திருக்கலாம். ஆனால் கையில் போல்ட் கழற்றும் சாவி இருந்தது, மூக்குக்கு நேரே போல்ட் இருந்தது. கழற்றினேன். நாலு சொட்டு விழுந்தது. ஐந்தாவது சொட்டு நுனியில் வந்து தொங்கி, அப்படியே நின்றுவிட்டது.

நாலு சொட்டு என்றால் என்ன அர்த்தம்? கொட்டினால் அதிகம், ஒன்றுமே வராவிட்டால் குறைவு, சொட்டினால் சரி. இது சொட்டினதா, வராமல் நின்றதா? உள்ளே ஏதோ அடைப்பு என்று தோன்றியது. ஓட்டைக்குள் பார்த்தால் சாவி பொருந்துகிற மாதிரி இன்னொரு பள்ளம் தெரிந்தது. அடைப்பு அதுதான் என்று சாவியைவிட்டுத் திருப்பினேன்.

அது அடைப்பு இல்லை. சரியான அளவுக்கு மேல் உள்ளதை மட்டும் வெளியேவிட நிறுத்தி வைத்திருந்த குழாய். அது கழன்று என் மடியில் விழுந்தது. பின்னாலேயே கியர் பாக்ஸில் இருந்த மொத்த ஆயிலும் வந்தது.

"வாணீ! ஆஃப் பண்ணச் சொல்லு! என்ஜின ஆஃப் பண்ணச் சொல்லு!"

வாணி இல்லை. மாமனார் எனக்கு மூன்றடி மேலே டிரைவர் சீட்டில் இருந்தார். கட்டாயம் காதில் விழுந்திருக்கும். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. (அவரைக் குறை சொல்ல மாட்டேன். செய்தி வழக்கமாக வரும் வழியில் வரவில்லை.) ஆயில் இல்லாமல் ஓடினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

"மாமா!" என்று கத்தினேன். "ஆஃப் பண்ணுங்க மாமா!"

சட்டென்று என்ஜின் நின்றது. நானும் அதுவரை அவரை நேராகக் கூப்பிட்டதே இல்லை என்பது அந்த நிசப்தத்தில்தான் உறைத்தது.

கார் கதவு திறந்தது. அந்த ஆயில் சிவப்பு நிறம் என்பதை நான் சொல்லவில்லையே. நல்ல அரக்குச் சிவப்பு. நான் கையால் தடுத்ததில் குழி விளிம்பில் தெறித்து, தரையில் வழிந்து காருக்கு வெளியே போயிருந்தது. மேலே "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டது. மடங்காத அந்த இரண்டு முட்டிகளும் தரையில் விழுந்தன. பிறகு முகம், கன்னத்தைத் தரையில் வைத்தபடி, அந்த ஒரு சாண் சந்தில் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"மாப்ளே! உயிரோட கீறீங்களா மாப்ளே?"

"இருக்கேன் மாமா."

"இன்னா இது, இவ்ளோ ரத்தம்?"

"ரத்தம் இல்ல மாமா. ஆயில்."

அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "எவ்ளோ ஆயிலு?"

"எல்லாமும்."

வாணி தர்மாமீட்டரோடு ஓடிவந்தாள். அப்பா குப்புறக் கிடப்பதையும் தரை சிவந்திருப்பதையும் பார்த்து அலறினாள். அலறி முடித்ததும் பழக்கதோஷத்தில், "அப்பா, அவருக்கு ஒண்ணுமில்லையே? நான் கேட்டு சொல்லட்டா?" என்றாள்.

"நான்தான் பேசிகினு கீறேனேம்மா, நீ போய் டீ போடு" என்றார் மாமனார்.

அதைக் கேட்டு நான் குழிக்குள் அழுதேன். முகமெல்லாம் ஆயில் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

காரைத் தள்ளினால்தான் நான் வெளியே வர முடியும். விசைத்தறி ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை ஒரு மணி நேரம் நான் குழியிலும் அவர் தரையிலுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். டீயைத் தம்ளரோடு காருக்கு அடியில் தள்ளிவிட்டார். என் அப்பாவின் இடுப்பு வலியைப் பற்றி விசாரித்தார். (அவருக்கு இடுப்பு வலி இருப்பதே இவருக்குத் தெரிந்திருந்தது.)

"இந்தக் குழியிலதான் மாப்ளே என் முட்டி போச்சு. இருபத்தஞ்சு வருசம். ரெண்டு மிதி. வலது, இடது, வலது, இடது. ஒரு கால் சும்மா இருந்தா தறி கத்துக்குடுத்த பெரியவரு தலையிலயே போடுவாரு."

ஆட்கள் வந்து காரைத் தள்ளினார்கள். என்னை இரண்டு பேர் தூக்கினார்கள். மறுநாள் வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் மேல்வாயைத் திறந்து, அளந்து ஊற்றி, சூடு பார்த்து, சொட்டும்வரை காத்திருந்து மூடினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மொதல்ல தெறந்தப்ப கொட்டுச்சா சார், சொட்டுச்சா?"

"நாலு சொட்டு. அப்புறம் நின்னுடுச்சு."

"கரெக்டா இருந்திருக்குது சார். கலர் பாத்தா ஆயிலும் நல்லாதான் இருந்திருக்குது. நீங்க கம்பெனில எந்த செக்ஷன்?"

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் வந்தவாசியில் ஒரு கல்யாணம். "மாப்ளே, முன்னாடி ஒக்காருங்க" என்றார் மாமனார். உட்கார்ந்தேன். ஊர் தாண்டுவதற்குள் கார் குதித்தது. ஆயில் புதிது, அளவு சரி, பிறகு ஏன் என்று குழம்பித் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவருடைய இரண்டு கால்களும் இரண்டு பெடல் மேல் இருந்தன. வலது ஆக்ஸிலரேட்டரை அமுக்கியது. இடது பிரேக்கை அமுக்கியது. வலது, இடது, வலது, இடது. ஒரு காலும் சும்மா இல்லை.

வாயைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே?"

பின் சீட்டில் மாமியார், வாணி, நிறைய ஜரிகை. அத்தனை பேருக்கும் நடுவில் அந்த "மாப்ளே"யைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல மாமா. வண்டி நல்லா போவுது."

அந்தக் கார் இன்றும் குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்புக்கும் பின் சீட்டிலிருந்து, "மாப்ள கை வச்ச ஆயிலு!" என்று ஒரு குரல் வரும், எல்லோரும் சிரிப்பார்கள். விசேஷ வீட்டில் என்னைக் காணவில்லை என்றால், குழியில் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். மாமனார் மட்டும், "அவர ஒண்ணும் சொல்லாதீங்க, மொதல்லயும் கொஞ்சம் குதிச்சிகினுதான் இருந்துது" என்று எனக்காக வாதாடுவார். உண்மையை வாணியிடம்கூட நான் சொல்லவில்லை. ஒன்பது மாதம் அவர் பேசாமல் இருந்தார். இந்த ஒரு விஷயத்தில் ஏழு வருடமாக நான் பேசாமல் இருக்கிறேன்.