புலி எல்லையும் கூராயி கட்டிய கழிவறையும்

ஒரு காட்டில் ஒதுங்க இடமில்லை.

சிரிக்காதீர்கள். மரமும் புதரும் மண்டிக் கிடக்கும் பெருங்காடுதான். ஆனால் அதன் ராஜா வேங்கைராயர் என்ற புலி, விடிந்ததும் ஒவ்வொரு மரத்தடியிலும் வாலைத் தூக்கி நாலு சொட்டுத் தெளித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். புலிகளுக்குப் பட்டா, பத்திரம், எல்லைக்கல் எல்லாம் அதுதான். வாசனை எட்டுகிற வரைக்கும் அவர் நாடு. அங்கே வேறு யாராவது ஒதுங்கினால் ஆக்கிரமிப்புக் குற்றம். ஒதுங்கியவர்தான் அன்றைய மதியச் சாப்பாடு.

மாசமாயிருந்த மிளாமான் ஒருத்தி ஒரு புதருக்காகப் பாதி நாள் அலைவதைப் பார்த்து மனசு கேட்காமல், முள்ளம்பன்றி கூராயி ராஜாவிடம் போனாள். வளை தோண்டுவதில் அவளுக்கு நல்ல பெயர்.

"ராசா, எல்லாருக்கும் பொதுவா ஒரு சின்னக் கழிவறை கட்டிக்கிறேனே."

"கட்டிக்கோ. ஆனா என் எல்லைக்கு எதாவது ஆச்சு, முள்ளைப் புடுங்கிட்டு உன்னைக் குழம்பு வச்சிடுவேன்."

கட்டினாள். ஓர் ஆள் புழங்கும் அளவுதான். காட்டுப்பன்றி உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கதவை வெளிப்பக்கம் திறக்கவிட்டாள். தண்ணீர் தேங்காமல் தரைக்கு வாட்டம் கொடுத்தாள். வரிசையில் நிற்பவர் கண்ணில் எதுவும் படாதபடி வாசலுக்கு நேரே ஒரு மறைப்புச் சுவர். குரங்குகள் பறித்துவரும் சாமான்களை வைக்க ஒரு மாடம். ஜன்னல் தலைக்குமேல். நம் பக்கத்துக் காடுகளில் ஒட்டகச்சிவிங்கி கிடையாது என்பதால் மானத்துக்குப் பயமில்லை. அதன் வழியே மலைக்காற்று வரும். ஒரு துண்டு வானமும் நாவல்மரத்தின் உச்சியும் தெரியும்.

மிளா போய்விட்டு வந்து, "அக்கா, பிரசவத்தையே இதுல வச்சுக்கலாம் போல இருக்கு" என்றாள்.

ராஜா ஆய்வுக்கு வந்தார். உள்ளே போனார். நாவல்மரத்து நிழல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் வெளியே வந்தார். "ம், பரவாயில்லை" என்றார்.

அதன்பின் அவர் மரத்தடிப் பக்கமே போகவில்லை. முள் குத்த, எறும்பு கடிக்க, நாலு பேர் பார்க்க வாலைத் தூக்கி நிற்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தோன்றிவிட்டது. ஐப்பசி மழை பிடித்து அடித்ததில் எல்லை மொத்தமும் கழுவிக்கொண்டு போயிற்று.

மழை விட்டதும் மந்திரி நரி சம்புலிங்கம் ஓடிவந்தான்.

"மகாராஜா, அக்கரைப் புலி ஆத்துல தண்ணி குடிக்குது."

"குடிக்கட்டுமே. தாகமா இருக்கும்."

"காலையிலேருந்து குடிக்குது, மகாராஜா."

வேங்கைராயருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு காடு முழுக்கத் தெளிக்கிற அளவுக்கு அவன் நிரப்பிக்கொள்கிறான். ஓடிப்போய் எல்லை மரத்தடியில் வாலைத் தூக்கினார். முக்கினார். ஒன்றும் வரவில்லை. இப்போதுதானே கழிவறையிலிருந்து வந்தார்.

"ஏ கூராயி, நாடு போச்சுன்னா உன் கழிவறையை இடிச்சு, அந்தக் கல்லையே அடுப்பாக்கி உன்னை வேகவைப்பேன்."

அதற்குள் அக்கரைப் புலி வந்துவிட்டது. வயிறு பானை மாதிரி. நடை ஒரு தினுசாக இருந்தது. கூராயி எதிரே போய் நின்றாள்.

"வாங்கண்ணே. ரொம்ப தூரம் நீந்தி வந்திருக்கீங்க. முதல்ல உள்ள போயிட்டு வாங்க."

"போருக்கு வந்தவன்மா நான்."

"போர் எங்க ஓடிடப் போகுது? உள்ள காத்து நல்லா வரும்."

புலி மறைப்புச் சுவரைப் பார்த்தது. "சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனது.

அருவி கொட்டும் சத்தம் கேட்டது. சம்புலிங்கம் சுவரில் காதை வைத்து ராஜாவுக்குச் சேதி சொன்னான். "இது வடக்கு எல்லை, மகாராஜா... தெற்கும் போச்சு... இப்ப கிழக்கு..."

கண் சொருகி வெளியே வந்த புலி, ஒரு மரத்தடியில் வாலைத் தூக்கிப் பார்த்தது. சொட்டு இல்லை. பக்கத்து மரத்தடியில் வேங்கைராயரும் அதே நிலையில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மெதுவாக வாலை இறக்கிக்கொண்டார்கள்.

"நாளைக்கு வர்றேன்" என்றது அக்கரைப் புலி. சொன்னபடியே வந்தது. வந்து நேராக வரிசையில் நின்றது. முன்னால் வேங்கைராயர். அவருக்கும் முன்னால் மிளா. எல்லை இல்லாத புலிக்கு வேட்டையாடும் உரிமை இல்லை என்பது காட்டுச் சட்டம்; அதனால் மிளாவுக்குப் பயமில்லை.

"சீக்கிரம் வந்துடும்மா" என்றார் வேங்கைராயர்.

"மாசமா இருக்கறவளை அவசரப்படுத்தாதீங்கண்ணே. பேசிக்கிட்டே நில்லுங்க" என்றாள் மிளா.

இவர்கள் பேசிக்கொண்டு நிற்கிற நேரத்தில், ஒரு தடவைகூட அந்தக் கழிவறைக்குள் கால் வைக்காத சம்புலிங்கம், ஒவ்வொரு மரமாகக் காலைத் தூக்கிக்கொண்டே போனான். சூரியன் சாய்வதற்குள் காடு முழுக்க அவன் பெயருக்கு மாறிவிட்டது.

ராஜாவானதும் முதல் வேலையாகக் கூராயியைக் கூப்பிட்டனுப்பினான். குழம்புக்குத்தானோ என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

"நீ கட்டினது அருமையா இருக்காமே. அதே மாதிரி மூலைக்கு ஒண்ணு கட்டு. ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெருசா வை. போனவங்க லேசுல வெளிய வரக் கூடாது."

"நல்லது ராசா. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு கட்டட்டுமா?"

"எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, சம்புலிங்கம் அவசரமாக அடுத்த மரத்தைப் பார்த்து நடந்தான்.

நீதி: நாடாள நினைப்பவன் ஊருக்கெல்லாம் நல்ல கழிவறை கட்டிக்கொடுக்க வேண்டும், தான் மட்டும் மரத்தடிக்குப் போக வேண்டும்.