நடு ஆற்றில் ஓர் ஏற்றப் பாட்டு

நீச்சல் தெரியாதவன் ஆற்றுக்குப் போகலாம். படியில் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு வரலாம். மேடைப் பேச்சாளனும் போகலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் மட்டும் போகக் கூடாது. நான் அந்த ஒரே ஆள். மருங்காபுரிப் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியது கிடையாது. பேச்சு மட்டும் கழுத்து வரைக்கும் இருந்தது.

முப்பதுகளின் கடைசியில் திருச்சியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இலக்கியமும் சரித்திரமும் பாடம். ஊரில் அப்பாவை நிறுத்தி, "பையன் வக்கீலுக்குப் படிக்குதா?" என்பார்கள். "இல்லே." "டாக்டருக்கா?" "இல்லே." "பின்ன?" அந்தப் "பின்ன"வுக்கு அப்பாவிடம் பதில் கிடையாது. என்னிடமும் கிடையாது (ஆனால் எனக்கு இங்கிலீஷிலும் கிடையாது என்பதால் கொஞ்சம் கௌரவமாக இருந்தது).

அந்தப் புரட்டாசியில் எங்கள் மாணவர் சங்கம் ஒரு விவாதம் வைத்தது. ஆற்று நடுவில் ஒரு பரிசல் மூழ்கப் போகிறது. உள்ளே ஒரு டாக்டர், ஒரு இஞ்சினீயர், ஒரு கலைஞன். ஒருவரைத் தூக்கிப் போட்டால்தான் மற்ற இருவரும் பிழைப்பார்கள். யாரைப் போடுவது? டாக்டருக்காகப் பேச ஜமால். கோட்டைப் பக்கத்துத் துணிக்கடைக்காரர் மகன். இஞ்சினீயருக்காகப் பேச ஸ்ரீரங்கத்துச் சீனிவாசன். கலைஞனுக்காகப் பேச யாரும் முன்வராததால் நான்.

அதோடு விட்டேனா? "ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூழ்குவதைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? அம்மா மண்டபத்துப் படித்துறையில், உண்மையான பரிசலில் வைத்துக்கொள்வோம்" என்று யோசனை சொன்னவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

விவாதத்தன்று காலையில் அப்பா வந்து இறங்கினார். ஊர்ப் பக்கத்துச் சர்க்கார் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை காலியாம்.

"ரெண்டு வருஷமாப் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு நீ பேசுறதை வந்து கேக்குறேன். இந்தப் படிப்பு எதுக்குன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லிப்புடு. சொல்லிட்டீன்னா இருந்து படி. இல்லேன்னா நாளைக்கு என்னோட பஸ் ஏறு" என்றார்.

எனக்குக் கவலையே இல்லை. என் பேச்சைக் கேட்டால் கல்லும் கரையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.

சாயங்காலம் படித்துறை நிரம்பிவிட்டது. பரிசலைக் கயிற்றால் படியோரத்து முளையில் கட்டி, பரிசல்காரர் மாணிக்கம் துடுப்போடு நடுவில் உட்கார்ந்திருந்தார். சீனிவாசன் அடையாளத்துக்கு படம் வரையக் கோடு போடும் ஒரு பெரிய டி-ஸ்கொயர் பலகை கொண்டு வந்திருந்தான். ஜமால் மாமாவின் மருந்துப் பெட்டியைத் தூக்கி வந்திருந்தான். நான் கொண்டு போனது தொண்டையை மட்டும்.

மூவரும் பரிசலில் ஏறி உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் நன்றாகவே பேசினார்கள். பிறகு என் முறை. நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, பரிசல்ல நிக்கக் கூடாதுங்க" என்றார் மாணிக்கம்.

"உட்கார்ந்து பேசினால் உணர்ச்சி வராதுங்க" என்றேன். அதோடு கயிற்றையும் அவிழ்க்கச் சொன்னேன். கட்டிப் போட்ட பரிசலில் என்ன ஆபத்து, என்ன விவாதம்? அவர் தயங்கினார். நான் வாய்ப்பேச்சிலேயே அவிழ்க்க வைத்தேன். (என் பேச்சு அன்று சாதித்தது அது ஒன்றுதான்.)

பரிசலின் குணம் சுற்றுவது. "பெரியோர்களே!" என்று நான் கும்பிட்டபோது எதிரே இருந்தது மலைக்கோட்டை. பெரியோர்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். படித்துறை சுற்றி வரும் வரை காத்திருந்து பேச வேண்டியிருந்தது. "கலை என்பது..." என்று ஆரம்பித்து, என்னவென்று சொல்வதற்குள் மறுபடியும் மலைக்கோட்டை வந்துவிட்டது. அப்பாவின் முகம் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அது இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டே வந்தது.

பயம் வந்துவிட்டது. ஏதாவது செய்து கூட்டத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு கவிதைக்காக நாட்டையே கொடுத்த ராஜா ஒருவரை அங்கேயே கற்பனை செய்து, நடித்துக் காட்டத் துணிந்தேன். ராஜாவுக்குச் செங்கோல் வேண்டாமா? மாணிக்கத்தின் கையிலிருந்த துடுப்பை வெடுக்கென்று பிடுங்கினேன். "இந்தா, என் ராஜ்யம்!" என்று ஒரு வீசு வீசினேன். ராஜ்யம் கையை விட்டுப் போய்க் காவேரியில் விழுந்தது.

"அடப் பாவி!" என்று மாணிக்கம் துடுப்புக்காகக் குதித்தார். அவர் குதித்த வேகத்தில் பரிசல் எதிர்ப்பக்கம் நழுவி நீரோட்டத்தில் சிக்கியது. நான் சீனிவாசன் மடியில் உட்கார்ந்திருந்தேன். கிழக்கே ரயில் பாலத்துத் தூண்கள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"ரங்கா! ரங்கா!" என்றான் சீனிவாசன். "யா அல்லா!" என்றான் ஜமால். இருவருக்கும் என்னைத் தூக்கிப் போடும் எண்ணம் வந்திருந்தால் தப்பு சொல்ல மாட்டேன். விவாதத்தின் தலைப்பே அதுதானே. ஆனால் நல்ல பிள்ளைகள். டி-ஸ்கொயரால் ஒருவன் தள்ளினான், மருந்துப் பெட்டியின் மூடியைக் கழற்றி ஒருவன் தள்ளினான், நான் கையால் அளைந்தேன். அவரவர் பயத்துக்கு அவரவர் வேகம். பரிசல் பம்பரமாகச் சுற்றியதே தவிரக் கரைப் பக்கம் ஓர் அடி நகரவில்லை. டி-ஸ்கொயர் ஜமாலின் மண்டையில் ஒரு முறை பட்டது.

அப்போது, சத்தியமாகச் சொல்கிறேன், படித்த எந்த வரியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்தது எங்கள் ஊர்க் கிணற்றில் அப்பா பாடும் ஏற்றப் பாட்டு. ஏற்றத்தில் மேலே ஒருவர் மரத்தில் முன்னும் பின்னும் நடப்பார். கீழே ஒருவர் சால் என்னும் வாளியில் வரும் நீரைக் கவிழ்ப்பார். காலும் கையும் ஒரு தாளத்தில் போகாவிட்டால் மேலே இருப்பவர் கிணற்றுக்குள்தான். அதற்காகத்தான் பாட்டு. நான் வாயைத் திறந்தேன்.

"கம்பங் கொல்லை காயுதம்மா... வா தண்ணி வா!
காஞ்ச மண்ணு கூப்புடுது... வா தண்ணி வா!"

"அடேய், தண்ணியை ஏன்டா கூப்பிடறே? வேற ஏதாவது பாடுடா!" என்று அலறினான் சீனிவாசன்.

எனக்கு வேறு தெரிந்தால்தானே. "'வா'ன்னு வரும்போது ரெண்டு பேரும் இழுங்கடா!" என்று கத்திவிட்டு மறுபடியும் எடுத்தேன். என் குரல் எப்படிப்பட்டது என்றால், ஹாஸ்டலில் நான் குளிக்கும்போது பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான். ஆனாலும் தாளம் தாளம்தான். "வா" என்றதும் டி-ஸ்கொயர் இந்தப் பக்கம், மூடி அந்தப் பக்கம், ஒரே சமயத்தில் விழுந்தன. சுற்றுவது நின்றது. பரிசல் முதல் தடவையாக ஒரு திசையில் போயிற்று.

அப்புறம்தான் அது கேட்டது. கரையோரமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்த அப்பா எதிர்ப்பாட்டு எடுத்தார்.

"வந்தேனுங்க வாய்க்கா வழி... வா தண்ணி வா!"

அவர் குரல் வந்ததும் எங்கள் கைகளுக்குப் பயம் விட்டுப் போயிற்று. பின்னால் ஓடி வந்த மாணவர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கலைஞனைத் தூக்கிப் போட வேண்டும் என்று அதுவரை கை தட்டிக்கொண்டிருந்தவர்கள்தான். பாலத்துக்கு முன்பே பரிசல் சேற்றில் போய்த் தட்டியது.

நான் இறங்கிய வேகத்தில் அந்தச் சேற்றிலேயே குப்புற விழுந்தேன். அப்பா சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"ஆத்துக்குள்ள உக்காந்துக்கிட்டுத் தண்ணியைக் கூப்பிட்ட பய ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா" என்றார்.

"மன்னிச்சிருங்கப்பா. நாளைக்கு உங்களோட வந்துடுறேன்."

"எதுக்கு? நீ பேசுனது ஒரு எழவும் புரியலே. பாடுனது புரிஞ்சுது. இருந்து படி. ஆனா ஆத்துப் பக்கம் மட்டும் போகாதே."

ஜமால் தலையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான்: "தூக்கிப் போட வேண்டியது கலைஞனை இல்லை. அவன் கைக்கெட்டுற மாதிரி துடுப்பை வச்சவங்களை." நீந்திக் கரையேறி வந்திருந்த மாணிக்கம் மட்டும் அதற்குச் சிரிக்கவில்லை.

பி.ஏ. முடித்து ஸ்ரீரங்கத்திலேயே வாத்தியாரானேன். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்காத வகுப்பு கிடையாது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு இந்தக் கதையைச் சொல்வேன். மூன்று பேரை மூன்று பக்கம் இழுக்க வைக்கப் பயமே போதும். ஒரே பக்கம் இழுக்க வைக்க ஒரு பாட்டு வேண்டியிருந்தது. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமைதான், குரல் எப்படி இருந்தால் என்ன?

வீட்டில் குழாய் நின்றுபோனால் மனைவி, "கொஞ்சம் பாடுங்க" என்பாள். மழை வலுத்தால் மகள், "அப்பா, தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க" என்பாள். பெரிய இஞ்சினீயராகி ஓய்வும் பெற்றுவிட்ட சீனிவாசன், கோடையில் காவேரி மணலாகக் கிடக்கும்போதெல்லாம் வந்து, "டேய், ஆத்துல ஜலமே இல்லே. கூப்பிடுடா" என்பான். நான் கூச்சமே இல்லாமல் பாடுவேன். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் ஒவ்வொரு "வா"வுக்கும் அவன் இரண்டு கைகளும், இல்லாத டி-ஸ்கொயரைப் பிடித்து, சரியாகத் தாளத்தில் தள்ளும்.