ஆட்சேபணையே இல்லாதவர்

வாசகரே, எதிர்ப்பவரை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். கத்துவார், கதவை அறைந்து சாத்துவார், வேலை முடிந்தது. இங்கே சொல்ல வந்தது அவரைவிடக் கில்லாடியான ஒரு பிறவியைப் பற்றி: ஆட்சேபணையே இல்லாதவர். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, ஆனா..." என்பதுதான் இவர் விடும் மூச்சு. முன்பாதி ஊர் மெச்ச. பின்பாதி உங்களை உட்காரவைக்க.

லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் ஒருத்திக்கு இப்படியொரு சித்தப்பா வாய்த்திருந்தார். பிறந்தபோது அவளை ஆண் பிள்ளை என்றார்கள். அது தப்பு என்று வளர்ந்தபின் அவள் சொன்னபோது, வீட்டில் சித்தப்பாதான் முதலில் "மகளே" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அவளுக்கு வேண்டியது ஹார்மோன் சிகிச்சை. பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன, மனநல மருத்துவரும் சரி என்றுவிட்டார். ஹார்மோன் டாக்டர் மட்டும், வீட்டிலிருந்து ஒருவர் வந்து சம்மதம் சொன்னால்தான் மருந்து எழுதுவேன் என்றார். அவள் முடுக்கிய திருகாணியை நம்பி ஊரே மாடி ஏறி இறங்குகிறது. அவள் உடம்பைப் பற்றிப் பேச மட்டும் பெரியவர் யாராவது வரவேண்டுமாம். எப்படி இருக்கிறது நியாயம்?

வர ஒப்புக்கொண்டவர் சித்தப்பா ஒருவர்தான். மழை விடட்டும் என்றார்; விட்டதும், வெயில் தணியட்டும் என்றார்; வீட்டுக்கு வெள்ளையடித்து முடியட்டும் என்றார்; முடித்ததும், காயட்டும் என்றார். நடுநடுவே, நன்றாக யோசித்தாயா, எதற்கும் இன்னொரு தடவை யோசி என்று, பல் தேய்க்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னார். அவளோ தினமும் காலையில் கண்ணாடியில் தெரிந்த அந்நியன் ஒருவனுக்குச் சவரம் செய்துவிட்டு வேலைக்குப் போனாள். அது வலித்தது, ரொம்பவே வலித்தது.

ஒருவழியாக வந்தார். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தார்: ஹார்மோன் என்றால் என்ன விளையாட்டா, உடம்பு என்ன சட்டையா மாற்றிப் பார்க்க, நினைத்தவுடன் ஓடிவந்து ஊசி போட்டுக்கொள்கிற சமாசாரமா இது? அந்தப் பக்கமாக வந்த நர்ஸ், சித்தப்பாவைக் கண்டதும் நின்றார்.

"என்ன சார், உங்க ஊசி அடுத்த வாரம்தானே? அதுக்குள்ள வந்துட்டீங்க?"

சித்தப்பா சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார். அவள் விடுவாளா? துருவித் துருவிக் கேட்டதில் மெல்ல வெளியே வந்தது. ஆண் ஹார்மோன். சோர்வாக இருக்கிறது, மீசை அடர்த்தி போதவில்லை, முன்னைப்போல ஆம்பளையாக உணர முடியவில்லை என்று, காய்கறி வாங்கப் போன வழியில் இதே டாக்டரிடம் நுழைந்திருக்கிறார். ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். ஊசி போட்டாயிற்று. காய்கறியும் வாங்கியாயிற்று.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதிர் பெஞ்சில் காத்திருந்த தைராய்டுக்காரர்களும் விஷயம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"அன்னைக்குச் சம்மதம் சொல்ல நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க, சித்தப்பா?"

உள்ளே டாக்டர் கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார் சித்தப்பா. பழக்கதோஷம், 'ஆனா' சொல்ல வாய் மறுபடி திறந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டது. டாக்டர் மருந்து எழுதினார்.

நல்லவேளை, நீங்கள் இந்த ரகம் இல்லை. அவளைப் போன்றவர்களுக்கு வேண்டிய சிகிச்சை, வேண்டிய நேரத்தில் கிடைப்பதில் உங்களுக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. ரொம்பச் சந்தோஷம். அப்புறம் ஏன் உங்கள் வாய் 'ஆ' என்று திறந்திருக்கிறது?