பழைய சவுரிமுத்து புதிய சவுரிமுத்துவுக்கு அளித்த அனுமதி

ராஜகீழ்ப்பாக்கத்தில் பழைய கதவு, ஜன்னல் கடை வைத்திருக்கும் சவுரிமுத்து அவர்கள், தம் மகளின் தலைப்பிரசவத்தை முன்னிட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு எழுந்தருளத் திருவுளம் கொண்டார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வருஷங்களில் தாம்பரத்தைச் சுற்றிப் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள். இப்போது தாய்வீடே பெட்டி கட்டிக்கொண்டு பெண்ணிடம் கிளம்பியது. அஸ்தினாபுரத்தில் ஒருவர் வேட்டிக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டி நடை பழகினால், அவர் பெண்ணுக்கு ஏழாம் மாதம் என்று அர்த்தம். பெட்டிகளைப் பழைய பேப்பர் கடைத் தராசில் எடை போட்டார்கள். "ஊறுகாயை எடுத்துட்டுப் பருப்புப்பொடியை வைங்க, கனம் கம்மி" என்று பேப்பர் கடைக்காரரே ஆலோசனை சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

சவுரிமுத்துவுக்கு விசா கவலை இல்லை. மகள் எப்சி கல்யாணமாகிப் போன புதிதில் ஒரு தடவை போய்வந்தார். அப்போது வாங்கிய பத்து வருஷ விசா பாதிகூடத் தீரவில்லை. நடுவில் பாஸ்போர்ட்தான் காலாவதியாகிவிட்டது. புதுசு வாங்கினார். கொடுத்த அலுவலகத்தார் பழையதின் மூலையைக் கத்தரித்து, 'ரத்து' என்று முத்திரை குத்தி, விசாப் பக்கத்தை மட்டும் தொடாமல் திருப்பித் தந்தார்கள். "ரெண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்க, செல்லும்" என்றார்கள். ஊர் உலகத்து நடைமுறையும் அதுதான். ஆகவே நியாயப்படி இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம் மீசை.

பழைய பாஸ்போர்ட்டில் இருந்தவருக்குக் கிடாக்கொம்பு மாதிரி மீசை. தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். "அப்பா, உங்க மீசையைப் பார்த்தா இங்கே குழந்தைங்க எல்லாம் அழுவுது" என்று எப்சி வெப்கேமராவில் ஒருநாள் சொல்ல, மறுநாளே வழித்துவிட்டார். மனைவி சரோஜினி ரிட்டயரான டீச்சர். அமெரிக்கா போகிற மனுஷன் தமிழில் கையெழுத்துப் போட்டால் என்ன நினைப்பார்கள் என்று, கோழி கிளறின மாதிரி ஓர் இங்கிலீஷ் கையெழுத்தைப் பழக்கிவிட்டாள். புதிய பாஸ்போர்ட்டில் இருந்தவர் வேறொரு கனவான்.

விமான நிலையத்தில் ஆவணச் சரிபார்ப்பு மேஜை என்று ஒன்று. அதன் பின்னால் ஸ்ரீரங்கன் என்ற அதிகாரி. சரோஜினியின் பாஸ்போர்ட்டை ஒரு பார்வையில் தள்ளிவிட்டார். சவுரிமுத்துவின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி மாறி மாறிப் பார்த்தார்.

"விசா எங்கே?"

"பழைய புக்குல கீது சார்."

"பழைய புத்தகம் ரத்து."

"புக்குதான் சார் ரத்து. விசா உயிரோட கீது. அந்தப் பக்கத்துல எதுனா முத்திரை கீதா, நீயே பாரு."

ஸ்ரீரங்கன் பார்த்தார். நேர்மையான மனிதர். "விசா உயிரோடு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசாவை வைத்திருக்கிற ஆள் ரத்தாகிவிட்டார்."

"ஆளு எப்டி சார் ரத்தாவான்? இதோ நிக்கறேனே?"

"நீங்கள் நிற்கிறீர்கள். உங்களிடம் விசா இல்லை. விசா இருக்கிறவருக்கு மீசை இருக்கிறது."

சரோஜினி குறுக்கே வந்தாள். "சார், நான் இவரோட மனைவி. முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன். ரெண்டு பேரும் இவர்தான் சார்."

"அம்மா, உங்கள் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறது. எந்தக் கணவர் என்று இல்லை."

சரோஜினி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். சவுரிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டார். காலையில்தான் மருமகன் டெனிஸ் போனில் சொல்லியிருந்தான்: குழந்தை எந்த நேரமும் பிறக்கலாமாம். எப்சி சின்ன வயசிலிருந்தே ஊசிக்குப் பயந்தவள். அப்பா பக்கத்தில் நின்று நர்ஸைப் பார்த்துக் கத்தினால்தான் கையை நீட்டுவாள். டெனிஸ் நல்ல பையன், அவனுக்குக் கத்த வராது. இந்த விமானத்தை விட்டால் அடுத்ததற்கு என்றைக்கு இடம் கிடைக்குமோ, யாருக்குத் தெரியும்?

ஆகவே அவர் வாழ்க்கை கற்றுக்கொடுத்த ஒரே வித்தையில் இறங்கினார். இடிக்கிற வீட்டு வாசலில் நின்று பேரம் பேசியே தேக்குக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்த வித்தை அது.

"சரி சார். நீயும் கொஞ்சம் எறங்கி வா, நானும் எறங்கி வர்றேன். முடிச்சுக்கலாம்."

ஸ்ரீரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லஞ்சமா?"

"சீ, காசு யாருக்கு வேணும்? ரூல்ஸ்ல எவ்ளோ கொறைப்பேன்னு கேக்கறேன்."

"ஒரு நபரின் விசாவை இன்னொரு நபர் பயன்படுத்தக் கூடாது. இதில் குறைக்க ஒன்றுமில்லை."

கவுன்ட்டர் மூடப்போவதாக ஒலிபெருக்கியில் ஒரு பெண் கொஞ்சினாள். சவுரிமுத்துவின் பொறுமை அத்தோடு தீர்ந்தது.

"யோவ்! ரெண்டு ஆளுதான், வெச்சிக்கோ! அந்த மீசைக்காரன் எனக்குத் தர்றான், நான் வாங்கிக்கினு போறேன். நடுவுல உனக்கு இன்னாயா பேஜாரு? அவனாண்ட எழுதி வாங்கித் தரட்டா?"

ஸ்ரீரங்கன் பேனாவைக் கீழே வைத்தார். வறண்ட ஏரியில் தண்ணீர் வந்தாற்போல் அவர் முகத்தில் ஒரு தெளிவு பரவியது.

"எழுதித் தருவாரா?" என்றார்.

சவுரிமுத்துவுக்கு அந்த ஆளை வரிசை முன்னால் வைத்து மானத்தை வாங்கவேண்டும் என்ற வெறி. "டீச்சரம்மா, எழுது!" என்று சத்தமாகச் சொல்லச் சொல்ல, சரோஜினி முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்:

'ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டில் வசிக்கும் மீசையுள்ள சவுரிமுத்து ஆகிய நான், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டில் வசிக்கும் மீசையற்ற சவுரிமுத்து அவர்கள் என் விசாவை அனுபவித்துக்கொள்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று முழு சுயநினைவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீரங்கன் சிரிக்கவில்லை. மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார்.

"இதை முதலிலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காதே சார்! சரி, கொடுப்பவர் முன்னால் வரட்டும்."

சவுரிமுத்து பழைய பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு இடது பக்கம் நகர்ந்து நின்றார்.

"மனப்பூர்வமாகத்தான் கொடுக்கிறீர்களா? யாரும் மிரட்டவில்லையே?"

இங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஒரு பொருள் கை மாறுகிறது, பேரமே பேசவில்லை என்றால் சவுரிமுத்துவுக்குச் சோறு இறங்காது. இடது பக்கம் நின்றவர் தோளைக் குலுக்கினார்.

"அதெப்டி சார் சும்மா தர்றது? இத்தினி வருஷம் பத்திரமா காபந்து பண்ண விசா."

வலது பக்கம் தாவினார். "மூலை வெட்டின புக்கு! பழைய இரும்புக்குக்கூடப் போவாது. ரொம்ப ஏத்திக்காத."

"மூலை போனா இன்னா? உள்ள கீற சரக்கு தேக்கு. வேணாம்னா நடையைக் கட்டு."

"என்னங்க, நேரமாகுது!" என்று சரோஜினி அலறினாள்.

"நீ சும்மா இரு, கிராக்கி படியற நேரம்!" என்றார்கள் இருவரும்.

வரிசை இரண்டாகப் பிரிந்தது. ரிட்டயரான பேங்க் மேனேஜர் பத்ரிநாராயணன், "பழையவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. கஷ்டப்பட்டு இன்டர்வியூக்குப் போனது அவர்தானே?" என்றார். பின்னால் இருந்தவர்கள், "புதுசுதான் பாவம், பிளேனைப் பிடிக்கணும், விட்டுக்குடு பெருசு!" என்று கூவினார்கள்.

கடைசியில் பழையவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து மீசை வளர்க்கவேண்டும்.

"கொழந்தை அழுவுமே!"

"அழுவட்டும். தாத்தன் யாருன்னு தெரிய வேணாவா?"

"மொதல்ல சிரிக்கட்டும். அப்பால வளக்கறேன்."

"படிஞ்சுது. எட்றா கைய!"

அவர் தம் இடது கையால் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்ரீரங்கன் நிபந்தனையையும் கடிதத்தின் அடியில் குறித்துக்கொண்டு பேனாவை நீட்டினார். இடது பக்கம் தமிழில் ஒரு கையெழுத்து, வலது பக்கம் கோழி கிளறலில் ஒன்று.

"பார்த்தீர்களா? கையெழுத்தே வேறு வேறு. நான் ஆரம்பத்திலேயே சொன்னேன்" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஓட்டமாக ஓடி விமானத்தைப் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஒருவர் இரண்டு புத்தகத்தையும் புரட்டி, கொட்டாவி விட்டபடி முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் சவுரிமுத்து நர்ஸைப் பார்த்துக் கத்திய கத்தலில், தமிழே தெரியாத அந்த அம்மாள் தானாக ஓரடி பின்வாங்கினாள். எப்சி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். பெண் குழந்தை.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால், தாம்பரம் தாம்பரமாக இல்லை.

ஸ்டேஷன் எதிரே ஜெராக்ஸ் கடையில், 'பழையவர் அனுமதிக் கடிதம் இங்கே கிடைக்கும்' என்று போர்டு. பக்கத்து ஸ்டுடியோவில், ஒரே ஆள் தன்னோடு தானே கைகுலுக்குகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டுக் கலர் போட்டோ. அது இல்லாமல் யாரும் ஏர்போர்ட் பக்கம் போவதில்லை. பழையவரும் புதியவரும் ஒத்துப்போகாவிட்டால் சமரசம் பேச ஒரு வக்கீல். படப்பையில் ஒரு பெண்ணுக்கு இன்னும் சிக்கல். பழைய பாஸ்போர்ட்டில் அவள் கல்யாணமாகாதவள். கல்யாணமாகாத பெண் தன்னிஷ்டத்துக்கு அனுமதி தரலாமா என்று கேட்டு, அப்பாவின் கையெழுத்தும் வேண்டும் என்றுவிட்டார்கள்.

சவுரிமுத்து அடுத்த ஆட்டோ பிடித்து விமான நிலையத்துக்குப் போனார். ஸ்ரீரங்கன் இப்போது பெரிய மேஜைக்கு உயர்ந்திருந்தார்.

"யோவ், அத நான் கோவத்துல எழுதினேன்! உன்னைக் கிண்டல் பண்றதுக்கு எழுதினேன்யா!"

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எங்களிடம் இருக்கிற விதிகள் எல்லாம் அப்படி வந்தவைதான். யாராவது ஒருவர் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். பத்திரமாக வைத்துக்கொள்வது எங்கள் கடமை" என்று எழுந்து நின்று கைகூப்பினார் ஸ்ரீரங்கன்.

மறுநாள் கடை வாசலில் கூட்டம். முதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கை அல்லவா, அது பார்த்துக் கொடுத்தால் ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்ப மாட்டார்களாம். முன்னால் நின்றவர் அஸ்தினாபுரம் தேவானந்தம், சர்ச்சில் பழக்கம். பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். கடிதத்தை நீட்டினார். வாங்கிக் கிழித்துப் போடவேண்டும் என்றுதான் சவுரிமுத்து கையை நீட்டினார்.

ஆனால் எதிரில் அத்தனை பேர் வாயைத் திறக்காமல் கையைக் கட்டி நின்றார்கள். ஒருத்தரும் பேரம் பேசவில்லை. அப்படியொரு காட்சியை அவர் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை. அடுக்கி வைத்திருந்த கதவுகளில் ஒன்றை இழுத்து மேஜை மாதிரி போட்டு, பின்னால் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"பழையவர் வரலியா?"

"அண்ணா... ரெண்டும் நான்தானே அண்ணா?"

"அது எனக்குத் தெரியாதா?" கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார் சவுரிமுத்து. "நாளைக்கு வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கூட்டம் போடாதீங்க. ஒவ்வொருத்தரா வாங்க."