மேகம் பார்த்து மணியடிப்பவர்

எங்கள் கார்வெத் பள்ளத்தாக்கின் காற்றுமழைச் சபையில் இடியை இறக்குகிறவர் உண்டு, பனியைப் பிடித்து நிறுத்துகிறவர் உண்டு, ஆலங்கட்டியை அடுத்த ஊருக்குத் திருப்பிவிட்டு அந்த ஊர்க்காரர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போடுகிறவரும் உண்டு. இவர்கள் எல்லோரையும்விடச் செழிப்பாக வாழும் இனம் ஒன்று இருக்கிறது. மேகம் பார்த்து மணியடிப்பவர். எந்தச் சபையிலும் குறைந்தது ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

எங்களுக்கு வாய்த்தவர் ஓர்வென்.

அவரைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு மழையை அழைத்து இறக்கியவர் மேலங்கியில் ஒரு டிராகன் செதிலைத் தைத்துக்கொள்ளலாம் என்பது சபை வழக்கம். ஓர்வென் தெருவில் வந்தால் பாத்திரக்கடையே எழுந்து நடந்து வருவதுபோலிருக்கும். கல்யாண வீட்டில் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். “இன்னிக்கு வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்” என்பார். மழை வராது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் அவருக்குக் கொழுத்த கறித்துண்டாகப் பார்த்து வைப்பார்கள். வந்துவிட்டால்? “மணமக்களுக்கு ஆசீர்வாதமா ரெண்டு தூறல் போட்டேன்” என்பார். அதற்கும் கொழுத்த துண்டுதான்.

சபையின் விதி ரொம்ப எளிது. முதலில் மணி, பிறகுதான் மழை. மணியடித்தவர் முற்றத்து மழைக்கல்லில் ஏறி உட்கார வேண்டும். முதல் துளி தலையில் விழும்வரை இறங்கக் கூடாது. தோஸ்க் என்றொரு அப்பாவி இருக்கிறார். மணியடித்துக் கல்லேறி, தொண்டை வீங்கும்வரை அழைப்புப் பாட்டைக் கத்தி, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இரண்டு வயலுக்குப் போதுமான மழையோடு தள்ளாடி இறங்குவார். இருபது வருஷத்தில் பதினோரு செதில். அவர் மணியடித்தால் ஊரில் யாரும் விதையில் கைவைப்பதில்லை. ஓர்வென் அடித்தாலோ, கண்ணை மூடிக்கொண்டு விதைப்பார்கள். அவர் கல்லேறி, கறியப்பம் ஒன்றைத் தின்று, விரலை நக்கி முடிப்பதற்குள் சடசடவென்று கொட்டும்.

எப்படி?

சபை மாளிகையில் எல்லோரும் சந்தையைப் பார்த்த அறைகளுக்காக அடித்துக்கொண்டபோது, ஓர்வென் மட்டும் பின்பக்கத்து இருட்டறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “எனக்கு எதுக்குங்க சந்தை?” என்றார். என்ன அடக்கம் என்று ஊரே உருகியது. அந்த அறையின் ஒற்றை ஜன்னல் சாம்பலி என்ற கிழட்டு டிராகனின் குகையைப் பார்த்திருக்கிறது. ஈரம் பட்டால் தொண்டை நெருப்பு அணைந்துபோகும் என்று டிராகனுக்கு ஒரு பயம். மழைக்குக் கொஞ்ச நேரம் முன்பே வாலைச் சுருட்டிக்கொண்டு குகைக்குள் போய்விடும். சாம்பலி உள்ளே போகும், ஓர்வென் மணிக்கயிற்றுக்குப் போவார். முப்பது வருஷ மந்திரம் இவ்வளவுதான்.

இந்த வருஷம் வானம் பொய்த்தது. கோவில்மேட்டு ப்ரெத்தாவின் முதல் விதைப்பு முளையிலேயே கருகிவிட்டது. அவள் ஓர்வெனிடம் வந்தாள்.

“அண்ணே, ஒரு மூட்டை பார்லிதான் மிச்சம். இதுவும் போனா நெலத்த வித்துட்டுப் பொண்ணக் கூட்டிக்கிட்டு ஊரவிட்டே போகவேண்டியதுதான். நீங்க மணியடிச்சா மட்டும்தான் மண்ணுல போடுவேன்.”

“கவலய விடும்மா. மேகத்துக்கிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கேன். கொஞ்சம் முறுக்கிக்குது.”

“என்னதான் சொல்லுது?”

“அதெல்லாம் சபை ரகசியம்மா.”

மறுநாள் காலை சாம்பலி எழுந்தது, சோம்பல் முறித்தது, குகைக்குள் போனது. ஓர்வென் அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினார். மணி. ப்ரெத்தா மூட்டையைப் பிரித்தாள். ஓர்வென் கல்லேறிக் கறியப்பத்தைத் தின்றார். விரலை நக்கினார். இன்னொருமுறை நக்கினார். வெயில் ஏறியது. மத்தியானம் முற்றத்தில் நின்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

“கீழ்க்காத்து ஒத்துழைக்கல” என்றார் ஓர்வென். பிறகு, சந்தையில் யாரோ தும்மிவிட்டார்களாம், மேகம் கலைந்துவிட்டதாம். பிறகு, பெரிய மழை என்பதால் பெரிய ஏற்பாடு வேண்டுமாம்.

இரண்டாம் நாள் காலையில் ஆட்டுக்காரன் ஒருவன் முற்றத்தில் சேதி சொல்லிக்கொண்டே போனான். “நம்ம சாம்பலி சட்ட உரிக்குதுப்பா! பழைய தோலு குகை வாசல்ல நாறுது. இனி பத்து நாளைக்கு வெளிய வராது.”

ஓர்வெனின் முகத்தைப் பார்த்தவர்கள் அவர் கறியப்பத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். டிராகன் மழைக்குப் பயந்துதான் உள்ளே போக வேண்டுமா என்ன? சொந்த வேலையாகவும் போகலாம் என்பது முப்பது வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

ப்ரெத்தா வந்தாள். கையில் குருவி விரட்டும் கம்பு.

“அண்ணே, வெத மண்ணுல வறுபடுது. பாதியக் குருவி தின்னுருச்சு. மிச்சத்துக்கு நாளைக்குள்ள தண்ணி வேணும்.”

“வரும்மா, மேகம்...”

“மேகம் கெடக்கட்டும். ரெண்டு நாளாப் பாக்குறேன். தோஸ்க் அண்ணன் கல்லுல ஒக்காந்தா ஊரே காதப் பொத்தும். நீங்க ஒருவாட்டிகூட வாயத் தொறந்து பாடலையே. ஏன்?”

இந்த இனத்தார் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பார்கள். ஓர்வெனிடமும் நான்கைந்து தயாராக இருந்தன. வாயைத் திறந்தார். ப்ரெத்தாவின் தோளில் காலி விதைமூட்டை தொங்குவது தெரிந்தது. அந்தப் பதில்களை விட்டுவிட்டார்.

“தோஸ்க்” என்றார், கூட்டத்தின் பின்வரிசையைப் பார்த்து, மிகச் சின்னக் குரலில். “அந்த... மூணாவது அடி என்னப்பா?”

“எந்தப் பாட்டுலண்ணே?”

“அழைப்புப் பாட்டுல.”

“முதல் ரெண்டு அடி ஞாபகமிருக்கா?”

ஓர்வென் குனிந்து தன் செதில்களைப் பார்த்துக்கொண்டார். “இல்ல.”

யாரோ சிரித்தார்கள். தோஸ்க் சிரிக்கவில்லை. கல்லேறி, “தள்ளி ஒக்காருண்ணே, செதிலு குத்துது” என்று முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொடுத்தார். ஓர்வென் பாடினார். கழுதை தண்ணீரில் விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பகல் முழுக்கப் பாடினார். அடுத்த பகலும் பாடினார். குரல் கீறி, உடைந்து, வெறும் காற்றாகிப் போன சாயங்காலம், கோவில்மேட்டுக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அளவில் அழுக்காக ஒரு மேகம் வந்து நின்றது. தயங்கித் தயங்கி முற்றம்வரை தவழ்ந்து வந்தது.

வந்த மழை வெதுவெதுப்பாக, புகைநாற்றத்தோடு, மூன்று வயலுக்குமேல் தாண்டாமல் பெய்தது. அசல் சரக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றில் ஒன்று ப்ரெத்தாவுடையது. அரை மூட்டை விதை தப்பியது. அரை மூட்டை என்றால் அடுத்த வருஷமும் அவள் இதே ஊரில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஓர்வென் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மழையை வரவழைத்திருந்தார். அதைச் சொல்லிக்கொள்ளக் குரல் இல்லை. ப்ரெத்தா இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தபோது கண்கலங்கித் தலையை மட்டும் ஆட்டினார். ஆள் திருந்திவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் நம்பினேன்.

எட்டாம் நாள் குரல் திரும்பியது. சபையில் அந்த மழைக்கான செதிலைத் தோஸ்குக்குக் கொடுப்பதா என்று பேச்சு வந்தபோது, ஓர்வென் மெல்லக் கனைத்தார். “கொடுங்க, தாராளமாக் கொடுங்க. ஆனா, மணியடிச்சது யாரு?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். “நான் அப்பவே சொன்னேனே” என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நேற்றா, இன்று காலையா? இருக்கட்டும். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எழுந்து போய், உங்கள் அறை ஜன்னல் எந்தக் குகையைப் பார்த்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.