பால் காய்ச்சிய ட்ரெயிலர்

லவால்,
திங்கட்கிழமை,
2006 ஆகஸ்ட்

என்றும் என் மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

சிவமலர் வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். ஸ்காபரோவில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், அண்ணையின் முழங்கால் இந்த வெயிலுக்குக் கொஞ்சமாவது மடங்கத் தொடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

ரெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு லைன், இரண்டு ரெலிபோன். ஒன்று குசினியில், மற்றது கராஜில். உங்கள் குரல் கேட்டதும் உங்கள் தம்பி கராஜில் இருந்தபடியே எடுத்து, "ஓம் அக்கா, சொல்லுங்கோ" என்பார். அவரைப் பற்றிய முறைப்பாட்டை அவரையும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை புவாண்ட்-கிளேரில் இருந்து பத்திநாதர் என்றொருவர் எங்கள் ட்ரெயிலரை வாங்குவதற்குப் பார்க்க வருகிறார். தமிழ்க்கடைப் பலகையில் விளம்பரம் ஒட்டியது நான். உங்கள் தம்பியிடம் சொன்னபோது "பாப்பம்" என்றார். அவருடைய "பாப்பம்" எப்படிப்பட்டது என்று அவரோடு கூடப் பிறந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான் சொல்வது அவருக்கு றேடியோவில் போகிற காலநிலை அறிக்கை. நீங்கள் சொன்னால் மட்டும் சட்டம். ஆகவே மச்சாள், சனிக்கிழமை ஒரு போன் எடுத்து, "தம்பி, அந்தச் சாமானைக் குடுத்துத் துலை" என்று ஒரேயொரு வசனம் சொல்லிவிடுங்கள். இந்தச் சந்தர்ப்பம் தவறினால் அந்த ட்ரெயிலர் என் வாழ்நாள் முழுவதும் வீட்டு வாசலில் நிற்கும். இவள் ஏன் இப்படிக் கெஞ்சுகிறாள் என்று நினைப்பீர்கள். முழுவதையும் சொன்னால்தான் விளங்கும்.

போன வருடம் வசந்தத்தில் உங்கள் தம்பி, ஆரோ ஒருவர் பழைய புல்லு வெட்டும் மெஷின் விற்கிறார் என்று புறப்பட்டுப் போனார். திரும்பி வரும்போது காருக்குப் பின்னால் ஒரு ட்ரெயிலர் வந்தது. வெள்ளை நிறம், பதின்மூன்று அடி, அவித்த முட்டையைச் சரித்து வைத்து இரண்டு சில்லுப் பூட்டியது போல ஒரு உருவம். புல்லு வெட்டுகிற மெஷின் எங்கே என்று கேட்டேன். புல்லு தன்பாட்டில் வளரட்டும், கோடையில் நாங்கள் வீட்டில் நின்றால்தானே அதைப் பார்க்கப் போகிறோம் என்றார். ஹோட்டல் சாப்பாடு எங்களுக்கு ஒத்துவராது, ஹோட்டல் தலையணை அவருடைய கழுத்துக்கு ஒத்துவராது, இதிலே குசினியும் இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது, இது வீடு என்றார். நான் வண்டில் என்றேன். அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை முடியவில்லை.

முதலில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் எலுமிச்சம்பழங்களோடு வெளியே வந்து, வாகனப் பூசைதானே என்று கேட்டார். இல்லை ஐயா, இது வீடு என்றார் உங்கள் தம்பி. ஐயர் உள்ளே எட்டி அடுப்பைப் பார்த்தார், குனிந்து சில்லைப் பார்த்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு ரெண்டையும் செய்துவிடுங்கோ, பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு சொல்லால் வந்த வினை இது: எலுமிச்சம்பழம் நசித்தது போதாதென்று அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை அதற்குள் பால் காய்ச்சினோம். பானையோ வீடு குடிபூருகிற பானை, அடுப்போ தேநீர் கேத்தில் வைக்கிற அடுப்பு. பால் கிழக்குப் பக்கம் பொங்கவேண்டும் என்பதற்காக ட்ரெயிலரைச் சுற்றித் திருப்பியதில் அதன் வால் பக்கத்து வீட்டு மிசியே லப்லானின் கார் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. பால் நன்றாகத்தான் பொங்கியது, மச்சாள், குறை சொல்லக்கூடாது, கிழக்காலும் பொங்கியது, மற்ற மூன்று திசையாலும் பொங்கியது, பொங்கி அடுப்பையும் அணைத்தது. நெருப்பு அணைந்தாலும் காஸ் நிற்கவில்லை. இருக்கைக்குக் கீழே காஸ் மணந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டி இருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அது கத்தின கத்தலில் மிசியே லப்லான் பிஜாமாவோடு ஓடிவந்து பார்த்து, திரும்பி ஓடிப்போய்த் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர்கள் சிவப்பு லொறியில் வந்து இறங்கியபோது உங்கள் தம்பி வேட்டியும் சந்தனப்பொட்டுமாகக் கையில் பானையோடு நின்றார். அவருடைய பிரெஞ்சு "போன்ஜூர்", "மெர்சி" இரண்டோடும் முடிந்துவிடும். மகள் துஷாந்தினியை நித்திரையால் எழுப்பி, வந்தவர்களின் தலைவருக்கு மொழிபெயர்க்க விட்டோம்.

"பால் ஏன் பொங்கினது எண்டு கேக்கிறார்."

"பொங்கத்தானே வேணும் எண்டு சொல்லு."

"வேணுமெண்டோ பொங்க விட்டனீங்கள் எண்டு கேக்கிறார்."

"ஓம். கிழக்காலை எண்டும் சொல்லு, பிள்ளை."

தலைவர் அதையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். பால் காய்ச்சிய வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வாயோடு போகக்கூடாது என்று பானையில் மிஞ்சியதைக் கடதாசிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார் உங்கள் தம்பி. தலைக்கவசத்தோடு நின்று குடித்தார்கள், பாவம். ஒருவர் சீனி கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்தது பின்னுக்கு எடுக்கிற விஷயம். ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுப்பதென்றால் ஸ்ரியரிங்கை மறுபக்கம் திருப்பவேண்டுமாம். உங்கள் தம்பிக்கு அது பிடிபடவில்லை. ஞாயிறு காலையில் ஷொப்பிங் சென்ரர் கார் தரிப்பிடத்தில் பழகினோம். நான் பின்னால் நின்று "வலம்" என்பேன், "ஆருடைய வலம்?" என்று அவர் கேட்பார், நான் யோசிப்பதற்குள் ட்ரெயிலர் காரோடு முகம் பார்த்துக் கதைக்கிற மாதிரி மடங்கி நிற்கும். கடைசியில், பின்னுக்கு எடுக்கத் தேவையில்லாத இடங்களுக்கு மட்டும் போவது என்று தீர்மானித்துவிட்டார். மனிதன் வாழ்க்கையில் முன்னுக்குத்தான் போகவேண்டும் என்று எனக்கு விளக்கமும் சொன்னார். அந்தத் தத்துவத்தோடுதான் நண்டு வாங்குவதற்காக ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துச் சின்னத் தெருவுக்குள் ட்ரெயிலரோடு நுழைந்தார். தெரு முன்னால் மூடியிருந்தது. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகத் தெரியாது. நண்டை மடியில் வைத்துக்கொண்டு நான் காருக்குள் இருக்கிறேன், நண்டு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, பின்னால் கார்க்காரர் எல்லாரும் ஹோர்ன் அடிக்கினம். அந்த நேரம் பார்த்து எங்கட ஆக்கள் நாலு பேர், இது சாப்பாட்டு வண்டில் என்று நினைத்து வந்து ட்ரெயிலர் ஜன்னலைத் தட்டி, "அண்ணை, கொத்துரொட்டி எப்ப துவங்கும்?" என்று கேட்டார்கள். இல்லையென்று சொன்னால் போய்விடுவார்களோ என்ற பயத்தில் "முதல்லை தள்ளுங்கோ, பேந்து பாப்பம்" என்றார் உங்கள் தம்பி. கொழுக்கியைக் கழற்றி, கையால் தள்ளித் திருப்பினார்கள். அவர்களுக்குக் கொத்துரொட்டி இல்லையென்று சொன்ன அந்தக் கணத்தை நான் எழுத விரும்பவில்லை.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். குளிர் தொடங்க முதல் ட்ரெயிலரின் குழாய்களில் இருந்து தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத றோஸ் நிற மருந்து விடவேண்டும். இந்த நாட்டில் ட்ரெயிலர் வைத்திருக்கிற சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். உங்கள் தம்பி, நல்ல போர்வையால் மூடினால் போதும் என்று ஊரில் இருந்து வந்த பெரிய சாறப்பெட்டியைப் பிரித்து, இடுப்பில் உடுக்கிற சாறம் மூன்றால் சுற்றிக் கட்டினார். இந்தப் பங்குனியில் குழாயைத் திறந்தபோது குழாயைத் தவிர மற்ற எல்லா இடத்தாலும் தண்ணீர் வந்தது. அதைத் திருத்துகிற சாக்கில் முன்னேற்ற வேலைகளும் தொடங்கின. குசினிக்குப் போட்டு மிஞ்சிய தரை ஓடுகளைக் கொண்டுபோய் அதன் தரையில் பதித்தார். பாரம் தாங்காமல் அது குந்தியிருக்கிற நாய் மாதிரி முகத்தை மேலே தூக்கிவிட்டது. ஓடுகளைத் திரும்பவும் பெயர்த்தார். காற்று வரட்டும் என்று கூரையில் துளை வெட்டினார், அது சரியாக என் தலையணைக்கு மேலே வந்தது. மழை பெய்தபோது தன் பிழை விளங்கி, என் கலியாணத்துக்கு நீங்கள் தந்த எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து ஒட்டிவிட்டார். பசை நன்றாகப் பிடித்துவிட்டது. மன்னியுங்கள் மச்சாள், இனி அதைக் கழற்றேலாது.

உள்ளே ஒரு ரொயிலெற் இருக்கிறது. நிரம்பினால் தான்தான் கொண்டுபோய் ஊற்றவேண்டும் என்பதால் அதை ஒருவரும் பாவிக்கக்கூடாது என்பது உங்கள் தம்பியின் கட்டளை. அதற்குள்ளே சிவப்பரிசி மூட்டையும் மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறோம். மேசையை மடித்தால் அதுதான் கட்டில். சுவர்ப்பக்கம் படுப்பவர் எழும்புவதென்றால் மற்ற இருவரும் எழும்பவேண்டும். நண்டுக்கறி வைத்த மணம் திரைச்சீலையில் இன்னும் இருக்கிறது. உங்கள் தம்பியின் குறட்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். அதை ஒரு முட்டைக்குள் அடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சில நேரம் எனக்கு நானே கேட்பேன், எதற்காக இந்த மனுசன் இதிலே இவ்வளவு பிடியாக நிற்கிறார் என்று. ஒரு தரம் சண்டையால் ஊரில் வீட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர், இன்னொரு தரம் ஓட நேர்ந்தால் வீட்டையும் கட்டி இழுத்துக்கொண்டு ஓடலாம் என்று நினைக்கிறாரோ? அப்படி நினைத்தால் எனக்கு மனம் இளகிவிடும். பிறகு வெளியே போய்த் தாம்பாளத்தைப் பார்ப்பேன், கோபம் திரும்பி வந்துவிடும்.

ஆகவே மச்சாள், சனிக்கிழமையை மறக்கவேண்டாம். அண்ணைக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் முத்தங்களும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் நோய்நொடி இல்லாத, சில்லுப் பூட்டிய எதுவும் வாசலுக்கு வராத வாழ்வு அமைய முருகனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியை இன்னும் விட்டுப் போகாத
சிவமலர்

பின்குறிப்பு (ஞாயிறு பின்னேரம்): முத்திரை வாங்க மறந்ததால் கடிதம் என் கைப்பையிலேயே கிடந்துவிட்டது. பத்திநாதர் வந்து போய்விட்டார். நல்ல மனிதர், கையில் தொப்பியோடு வந்தார். நான் சண்டைக்கு ஆயத்தமாக நிற்க, உங்கள் தம்பி வாழைப்பழம் கொடுப்பதுபோல "எடுங்கோ அண்ணை" என்றார். ஒரு "பாப்பம்" கூட இல்லை. எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பத்திநாதர் உள்ளே தலையை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேசை, கட்டில், அடுப்பு எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுபோட்டு, தூண்டிலும் புழுப்பெட்டியும் அடுக்கினால் நல்லாயிருக்கும்" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"இது பால் காய்ச்சின வீடு, அண்ணை. புழு வைக்கக் குடுக்கேலாது."

"தங்கச்சி, விளம்பரத்திலை ட்ரெயிலர் எண்டெல்லோ கிடந்தது?"

"பிழையா எழுதிப்போட்டன்."

அவர் போன பிறகு உங்கள் தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நீர்தானே விக்கச் சொன்னனீர்" என்றார், அழுவாரைப்போல. அவர் ஏன் அவ்வளவு இலேசாக ஓமென்றார் என்பதைத் துஷாந்தினிதான் எனக்குச் சொன்னாள். இதை விற்றுவிட்டு இருபத்தெட்டு அடியில் ஒன்று வாங்க இன்ரநெற்றில் பார்த்து வைத்திருக்கிறாராம். ரி.வி. உண்டாம். பிள்ளைக்குத் தனி அறையாம், கதவும் பூட்டும் உண்டாம்.

மச்சாள், வீட்டில் அவள் பள்ளிக்கூடத்தால் வந்து அறைக்குள் போனால் சாப்பாட்டுக்குத்தான் கதவு திறக்கும். அந்த முட்டைக்குள் அவளுக்குப் போக இடமில்லை. போன மாதம் ஏரிக்கரையில் விடாத மழை. மூவரும் மேசையைச் சுற்றி முழங்கால் முட்ட இருந்து கடதாசிச் சீட்டு விளையாடினோம். தகப்பன் கள்ளம் அடிக்கிறார் என்று அவள் தமிழிலேயே சண்டை பிடித்தாள், அவ்வளவு தமிழ் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. கதவு எங்களிடம் வீட்டிலேயே போதுமான அளவு இருக்கிறது.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் உண்மைதான், ஆனால் அதை எழுதியவள் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போன் கட்டாயம் எடுங்கோ. எடுத்து, "தம்பி, இருக்கிறதை வைச்சுக்கொண்டு பேசாமல் இரு" எண்டு சொல்லுங்கோ. அவர் எப்படியும் பெரிசு வாங்கிறதுக்கு உங்களிட்டைப் பஞ்சாங்கம் பாக்கச் சொல்லுவார். இந்த வருசம் முழுக்க நல்ல நாளே இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ. வாற வருசத்தையும் ஒருக்கால் பாத்து, அதிலையும் இல்லையெண்டு சொன்னால் நல்லது.